பாறைக்குழியில் புதையும் கார்பன்

திருப்பூரில் தைத்து முடித்த ஒரு பனியன், பேக்கிங் டேபிளுக்கு வரும்வரை அதில் பிளாஸ்டிக் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. பாலியெஸ்டர் தையல் நூலும், கழுத்துக்குப் பின்னால் ஒரு லேபிளும்தான். டேபிளை விட்டு இறங்கும்போது கணக்கு மாறிவிடும். விலை அட்டையைக் கோத்துத் தொங்கவிட ஒரு டேக் பின். பனியனுக்கு ஒரு பாலி பேக். ஒரு டஜன் பனியனைச் சேர்த்து வைக்க இன்னொரு பெரிய பாலி பேக். அட்டைப்பெட்டியின் வாயை ஒட்ட டேப், பெட்டியை இறுக்கப் பட்டை. பையர் கேட்டால் ஹேங்கர். இவ்வளவும் கப்பலேறிப் போய்விடும்.

போகாமல் ஊரில் தங்குவது வேறு வகை. நூல் மூட்டையைச் சுற்றிவந்த கவர், நிட்டிங்கிலிருந்தும் காம்பாக்டிங்கிலிருந்தும் வந்த துணி ரோலின் உறை, தையல் நூல் தீர்ந்த கோன், ஆர்டர் மாறியதால் பயன்படாமல் போன பாலி பேக். இந்தக் கடைசி வகையைப் பலரும் கவனிப்பதில்லை. பையர் பெயரும் சைஸும் அச்சிட்ட கவர் மிச்சம் விழுந்தால் அது அடுத்த ஆர்டருக்கு ஆகாது. கட்டுப் பிரிக்காத புதுக் கவர் அப்படியே வேஸ்ட் கணக்கில் சேர்ந்துவிடும்.

இந்த வேஸ்டில் நல்லது பழைய இரும்புக்கடைக்கும் பிளாஸ்டிக் குடோனுக்கும் போகிறது. கசங்கியது, ஈரமானது, டீ கப்போடும் சாப்பாட்டுப் பொட்டலத்தோடும் கலந்தது எல்லாம் குப்பை லாரிக்கு. லாரி எங்கே போகிறது என்பதை நெருப்பெரிச்சல் மக்களிடம் கேட்டால் தெரியும்.

2011-ல் திருப்பூர் மாநகராட்சி விரிவானபோது அதற்குள் வந்த ஊர் நெருப்பெரிச்சல். மாநகரின் வடக்குப் பகுதி. பத்திரப்பதிவு அலுவலகத்துக்காக ஊரெல்லாம் இங்கே வரும். பனியன் கம்பெனிகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் நெருக்கமாக எழும்பிவிட்டன. இந்தப் பக்கம் பூமி பாறை பூமி. ஜல்லிக்கும் கட்டுக்கல்லுக்கும் வெட்டியெடுத்து, கைவிட்டுப்போன குழிகள் திருப்பூரைச் சுற்றிப் பல இடங்களில் கிடக்கின்றன. நகரத்துக்கு முறையான குப்பைக் கிடங்கு அமையாத குறையை அந்தப் பாறைக்குழிகளை வைத்தே நிர்வாகம் சமாளித்து வந்திருக்கிறது. ஒன்று நிரம்பினால் அடுத்தது. அண்மை ஆண்டுகளில் நெருப்பெரிச்சல், முதலிபாளையம், இடுவாய் என்று ஒவ்வொரு ஊராக மக்கள் எதிர்த்து நின்றார்கள். அவர்கள் கேட்டது நியாயம். பாறை வெடிப்புகள் வழியாகக் குப்பைச்சாறு இறங்கினால் அது போய்ச் சேருமிடம் போர்வெல். சாயத்தண்ணீரால் நிலத்தடி நீர் கெட்ட வரலாறு அவர்கள் கண்முன் நடந்தது. இன்னொரு முறை அதைத் தாங்க யாரும் தயாரில்லை.

அந்தக் குழியில் புதைவது வெறும் அழுக்கு என்று நினைத்துவிடக் கூடாது. அதிலுள்ள பிளாஸ்டிக்கில் பெரும்பங்கு கார்பனும் ஹைட்ரஜனும். இந்தியா இந்தக் கார்பனைத்தான் நிலக்கரியாக ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பல் கப்பலாக இறக்குமதி செய்கிறது. குழியில் புதையும் கார்பனை அந்த நிலக்கரிக்குப் பதிலாக எஃகு உலைக்கு அனுப்புவது பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

உலையின் பசி

இரும்புத்தாது என்பது துருவுக்கு நெருங்கிய சொந்தம். இரும்பும் ஆக்சிஜனும் இறுகப் பிணைந்த கல். ஆக்சிஜனைப் பிரித்தெடுத்தால் இரும்பு. பிரிக்க வல்லது கார்பன் மோனாக்சைடு அல்லது ஹைட்ரஜன். உலகின் பெரிய எஃகு ஆலைகளில் பெரும்பாலானவை இதற்குக் கல்கரியை நம்பியிருக்கின்றன. தொழிலில் இருப்பவர்கள் கோக் என்பார்கள். குறிப்பிட்ட வகை நிலக்கரியைக் காற்றுப் படாமல் பல மணி நேரம் சுட்டு எடுப்பது. ஊதுலையில் இதற்கு மூன்று வேலை: சூடு கொடுக்க வேண்டும், ஆக்சிஜனைப் பிடுங்க வேண்டும், மேலிருந்து அழுத்தும் தாதுவின் பாரத்தைத் தாங்கிக்கொண்டு நடுவே காற்றுப் போக வழியும் விட வேண்டும்.

இந்தியா 2023-24-ல் சுமார் 14 கோடி 40 லட்சம் டன் கச்சா எஃகு உற்பத்தி செய்தது. சீனாவுக்கு அடுத்த இடம். ஆனால் கல்கரிக்கு ஏற்ற நிலக்கரியில் 85 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. ஒரு டன் எஃகுக்குச் சராசரியாக இரண்டரை டன் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது என்பது மத்திய எஃகு அமைச்சகத்தின் கணக்கு. உலகச் சராசரியைவிட இது அதிகம்.

இப்போது பாலி பேக்கை எடுத்துக்கொள்வோம். பாலி எத்திலீன் 100 கிலோவில் 86 கிலோ கார்பன், மீதி 14 கிலோ ஹைட்ரஜன். அச்சு மையையும் நிறமியையும் தவிர வேறு ஒன்றும் இல்லை. கல்கரியில் பத்து விழுக்காட்டுக்கும் மேல் சாம்பல் இருக்கும். அந்தச் சாம்பலை உருக்கிக் கசடாக வெளியேற்றவே தனியாக எரிபொருள் செலவாகும். பாலி எத்திலீனில் சாம்பல் அநேகமாக இல்லை. எரித்தால் கிடைக்கும் வெப்பமோ எடைக்கு எடை கல்கரியைப்போல் ஒன்றரை மடங்கு. உலைக்குள் இரண்டாயிரம் டிகிரி செல்சியஸ் சூட்டில் இது நொடியில் உடைந்து கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் மாறும். அந்த இரண்டும் மேலேறும் வழியில் தாதுவின் ஆக்சிஜனைக் கவர்ந்துகொள்ளும். கார்பன் மோனாக்சைடு செய்த வேலைக்குக் கார்பன் டை ஆக்சைடு மிஞ்சுகிறது. ஹைட்ரஜன் செய்த வேலைக்கு மிஞ்சுவது நீராவி. பிளாஸ்டிக்கால் சுற்றுச்சூழலுக்குக் கிடைக்கும் ஆதாயத்தின் ஒரு பங்கு அந்த 14 கிலோவில்தான் இருக்கிறது.

ஒரு வேலையை மட்டும் பிளாஸ்டிக்கால் செய்ய முடியாது. பாரம் தாங்காது. ஆகவே கட்டிக் கல்கரியை முழுதாக விலக்க முடியாது. உலையின் அடிப்பகுதியைச் சுற்றிப் பதித்த ஊதுகுழல்கள் வழியாக, வெப்பக்காற்றோடு சேர்த்து நிலக்கரித் தூளையோ எண்ணெயையோ பீய்ச்சுவது வழக்கம். அந்த இடத்தைத்தான் பிளாஸ்டிக் எடுத்துக்கொள்கிறது.

பிரெமன், கெய்ஹின், சிட்னி

இது ஆய்வகத்தோடு நின்றுபோன யோசனை இல்லை. ஜெர்மனியின் பிரெமன் எஃகு ஆலை 1990-களின் நடுவில் ஊதுலைக்குள் கனரக எண்ணெய்க்குப் பதிலாகப் பிளாஸ்டிக்கைப் பீய்ச்சத் தொடங்கியது. ஜப்பானில் என்.கே.கே. நிறுவனம் 1996-ல் கெய்ஹின் ஆலையில் இதை ஆரம்பித்தது. அந்த நிறுவனம் பின்னர் கவாசாகி ஸ்டீலுடன் இணைந்து ஜே.எஃப்.இ. ஆயிற்று. நிப்பான் ஸ்டீல் 2000-ல் வேறு வழி பிடித்தது. நிலக்கரியைச் சுட்டுக் கல்கரியாக்கும் அடுப்பிலேயே நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் பிளாஸ்டிக்கைக் கலந்தது. காற்றில்லாத அடுப்பில் பிளாஸ்டிக் எரியாது, சிதையும். சுமார் 40 விழுக்காடு எண்ணெயாகவும் 40 விழுக்காடு எரிவாயுவாகவும் பிரிந்து, மிச்சமுள்ள 20 விழுக்காடு கல்கரியோடு கல்கரியாகிவிடும். எண்ணெய் ரசாயன ஆலைக்கு, வாயு மின்சாரத்துக்கு.

ஜப்பானில் இது நிலைத்ததற்கு உலையைவிட முக்கியமான காரணம் ஒரு சட்டம். பொதியும் கலனும் மறுசுழற்சிச் சட்டம் 1995-ல் இயற்றப்பட்டு, 2000-ல் எல்லாப் பிளாஸ்டிக் பொதிகளுக்கும் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. வீட்டிலேயே கழுவிப் பிரித்து வைக்க வேண்டும்; உள்ளாட்சி சேகரிக்க வேண்டும்; பொருளை விற்ற நிறுவனம் செலவை ஏற்க வேண்டும். எஃகு ஆலைக்கு ஒழுங்கான சரக்கு ஒழுங்காக வந்தது.

மூன்றாவது வழி நம் நாட்டில் பிறந்த ஒருவருடையது. மும்பையில் வளர்ந்து, கான்பூர் ஐ.ஐ.டி.யில் உலோகவியல் படித்து, ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான வீணா சஹஜ்வாலா, பழைய இரும்பை உருக்கும் மின்வில் உலையை எடுத்துக்கொண்டார். அந்த உலையில் உருகிய எஃகுக்கு மேலே கசடு மிதக்கும். அதற்குள் கார்பன் தூளைச் செலுத்தினால் கசடிலுள்ள இரும்பு ஆக்சைடோடு வினைபுரிந்து வாயுக்குமிழ்கள் கிளம்ப, அடுப்பில் பால் பொங்குவதுபோல் கசடு நுரைத்து எழும். நுரை மின்வில்லை மூடிக்கொண்டால் சூடு வெளியே சிதறாது; மின்சாரம் மிச்சம், உலைச்சுவருக்கும் ஆயுள். இந்த நுரைக்காகச் செலுத்தும் கல்கரியின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பழைய டயர் ரப்பரையும் பாலி எத்திலீனையும் கலந்து பார்த்தார் சஹஜ்வாலா. ஹைட்ரஜன் சேர்ந்ததால் குமிழ்கள் சிறிதாகவும் நிறையவும் வந்து, நுரை நீண்டநேரம் நின்றது. ஒன்ஸ்டீல் நிறுவனம் சிட்னியிலும் மெல்பர்னிலும் இருந்த தன் உலைகளில் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இருபது லட்சத்துக்கு மேற்பட்ட டயர்கள் புதைகுழிக்குப் போகாமல் தப்பின. தாய்லாந்து, தென்கொரிய ஆலைகளும் உரிமம் பெற்றன. இதே ஆய்வு மையம் பின்னாளில் பழைய துணியையும் கண்ணாடித் தூளையும் சேர்த்து அழுத்திச் சுவர் ஓடுகள் செய்துகாட்டியது. துணிக் கழிவோடு வாழும் திருப்பூர் அந்த வேலையையும் கவனிக்க வேண்டும்.

ஆவாரையும் எருக்கும்

கரிக்கு மாற்றாகக் கையில் கிடைத்ததை உலைக்குப் போடுவது கொங்கு மண்ணுக்குப் புதிது இல்லை. திருப்பூருக்குக் கீழே அதே நொய்யலின் வடகரையில் இருக்கிறது கொடுமணல். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்லும் ஊர். 1985 முதல் அங்கே நடந்த அகழாய்வுகளில் மணிகளோடும் எழுத்துப் பொறித்த ஓடுகளோடும் இரும்பு உருக்கிய உலைகளும் வெளிப்பட்டன. இந்த வட்டாரத்தில் உருவான உயர்தர எஃகு மண் மூசையில் தயாரானது. சேலம் பகுதியில் அந்த வேலை பத்தொன்பதாம் நூற்றாண்டுவரை உயிரோடு இருந்தது. பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை நிறுவிய ஜோசையா மார்ஷல் ஹீத் 1839-ல் அதை எழுதிவைத்திருக்கிறார். இரும்புத் துண்டுகளைச் சிறு மூசையில் அடுக்கி, நறுக்கி உலர்த்திய ஆவாரங்குச்சிகளை இட்டு, மேலே ஓரிரண்டு எருக்க இலையை மூடி, களிமண்ணால் வாயைப் பூசிச் சூளையில் வைப்பார்கள். குச்சியும் இலையும் உள்ளே கரியாகி, அந்தக் கரி இரும்பில் ஏறி எஃகாகும். அந்தக் குச்சியும் இலையும் எவ்வளவு என்பது உலைக்காரரின் கைக்குத் தெரியும். பொருள் தெரியாமல் ஒன்றை உள்ளே போட்டால் எஃகு கெடும்.

அதே ஹீத்தின் பெரிய ஆலை நிலைக்கவில்லை. பல காரணங்களில் ஒன்று எரிபொருள். மரக்கரிக்காகக் காட்டை வெட்ட வெட்ட, கரி தூரமாகிக்கொண்டே போனது. கரி எங்கிருந்து வருகிறது, என்ன விலைக்கு, எவ்வளவு ஒழுங்காக என்பதுதான் இரும்புத் தொழிலின் தலையெழுத்தை அன்றும் எழுதியது. பிளாஸ்டிக் விஷயத்திலும் இதே கேள்விதான் நிற்கிறது.

பச்சைச் சுவாலை

பிளாஸ்டிக்கை உலைக்கு அனுப்பலாம் என்றதும் குப்பை லாரியை நேரே ஆலை வாசலில் நிறுத்திவிடலாம் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. அப்படி நிறுத்தினால் ஆலைக்காரர் திருப்பி அனுப்புவார். அவர் பயம் குளோரின்.

பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். சூட்டில் அது ஹைட்ரோகுளோரிக் அமிலமாகக் கிளம்பி, உலை வாயுவைக் கொண்டுபோகும் குழாய்களை அரித்துவிடும். ஜப்பானியர்கள் வந்த சரக்கிலிருந்து பி.வி.சி.யைத் தனியே பிரித்தெடுத்த பிறகே பீய்ச்சினார்கள். பிரித்த பி.வி.சி.யை 300 டிகிரி வாக்கில் சூடாக்கிக் குளோரினை முதலில் வெளியேற்றும் முறையையும் உருவாக்கினார்கள். செலவுள்ள வேலை.

திருப்பூரில் பி.வி.சி. எங்கே இருக்கிறது? ஒயர் உறையில், பழைய பைப்பில், கட்சிப் பேனரில், ஜிப் வைத்த தடித்த கவரில் இருக்கிறது. இவை கண்ணுக்குத் தெரியும். தெரியாத ஒன்று பிரிண்டிங் யூனிட்டில். பனியன் மார்பில் மேடாக, ரப்பர்போல் வழவழப்பாக நிற்கும் பிரிண்ட் பெரும்பாலும் பிளாஸ்டிசால் மையில் போட்டது. அந்த மையின் அடிப்படையே பி.வி.சி.தான். பி.வி.சி. இல்லாத மைகளைச் சில பையர்கள் வற்புறுத்துகிறார்கள், எல்லோரும் மாறிவிடவில்லை. ஆகவே பிரிண்ட் பிசகி ஒதுக்கிய பீஸ்களை மற்ற துணி வேஸ்டோடு கலந்து எரிபொருள் என்று அனுப்பினால் அதனுள் குளோரின் ஒளிந்து போகும். சாதாரண அடுப்பிலோ திறந்த வெளியிலோ அதை எரிப்பது இன்னும் மோசம். குறைந்த சூட்டில், அரைகுறையாக எரியும்போதுதான் டையாக்சின் என்ற நச்சு உருவாகிறது. 2022-ல் சென்னை பெருங்குடியிலும், 2024-ல் கோவை வெள்ளலூரிலும் குப்பைக்கிடங்கு நாள்கணக்கில் எரிந்தபோது சுற்றியிருந்த மக்கள் சுவாசித்தது இப்படிப்பட்ட புகையை.

பிளாஸ்டிக் வகை பிரிப்பதற்குப் பெரிய கருவிகள் உண்டு. அகச்சிவப்பு ஒளியில் நொடியில் இனம் காண்பவை. ஆனால் இந்த வேலையைக் கையாலேயே செய்யும் அறிவு நம் குடோன்களில் ஏற்கெனவே இருக்கிறது. கவரைக் கசக்கினால் வரும் சத்தத்திலேயே பாலி எத்திலீனா பாலி புரொப்பிலீனா என்று சொல்லிவிடும் பெண்களை எந்தப் பிளாஸ்டிக் குடோனிலும் பார்க்கலாம். முன்னது தொய்ந்து மெத்தென்றிருக்கும், பின்னது மொறுமொறுவென்று சத்தமிடும். கெட்டிப் பிளாஸ்டிக்கை அரைத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டால் இந்த இரண்டும் மிதக்கும், பி.வி.சி.யும் பெட் பாட்டிலும் அடியில் தங்கும். இன்னும் சந்தேகம் இருந்தால் ஒரு செம்புக் கம்பி போதும். கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, பிளாஸ்டிக்கின் மேல் அழுத்தி, ஒட்டியதோடு மறுபடி நெருப்பில் காட்ட வேண்டும். சுவாலை பச்சையாக எழுந்தால் பெரும்பாலும் குளோரின் இருக்கிறது. பைல்ஷ்டைன் என்ற வேதியியலாளர் 1872-ல் சொன்ன சோதனை. இன்றைக்கும் பயன்படுகிறது. புகைக்கு விலகி, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும் என்பது மட்டும் கவனம்.

உலையின் வெப்பவியலைவிட இந்தப் பெண்களின் கை இந்தத் திட்டத்துக்கு முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம். அவர்களுக்குக் கையுறை இல்லை, முகக்கவசம் இல்லை, பெரும்பாலும் பி.எஃப். கூட இல்லை. எஃகு ஆலையில் எத்தனை கோடி போட்டு ஊதுகுழல் பொருத்தினாலும், இங்கே ஒரு நாள் கூலிக்குக் குனிந்து உட்கார்ந்து பிரிப்பவருக்கு முறையான வேலை அமையாவிட்டால் ஊதுகுழலுக்குச் சரக்கு வராது.

எது போக வேண்டும், எது கூடாது

பனியன் ஊரின் கழிவில் எல்லாமே உலைக்கு உரியது என்று சொல்ல மாட்டேன். காட்டன் கட்டிங் வேஸ்ட் இன்றைக்கே நல்ல விலைக்குப் போகிறது. ஓப்பன் எண்ட் மில்கள் அதைப் பஞ்சாக்கி மறுபடி நூலாக்குகின்றன. அதை எரிப்பது பாவம். பாலியெஸ்டர் கட்டிங்கும் உலைக்குச் சிறந்த சரக்கு இல்லை. பாலியெஸ்டரும் பெட் பாட்டிலும் ஒரே பொருள்; அதன் எடையில் மூன்றிலொரு பங்கு ஆக்சிஜன். ஏற்கெனவே ஆக்சிஜன் ஏறிய பொருளிடம் ஆக்சிஜனைப் பிடுங்கும் வலு குறைவு. வெப்பமும் பாலி எத்திலீனில் பாதிதான் கிடைக்கும். பாட்டிலை மறுபடி இழையாக்குவதே அதற்குரிய வழி. கரூர் ஸ்ரீரெங்கா பாலிமர்ஸ் பாட்டிலிலிருந்து தயாரித்த துணியில் தைத்த மேல்சட்டையைப் பிரதமர் 2023 பிப்ரவரியில் நாடாளுமன்றத்துக்கு அணிந்து வந்தது நினைவிருக்கும். நம் அண்டை ஊரில் அந்தத் தொழில் நன்றாகவே நடக்கிறது.

சுத்தமான பாலி எத்திலீன் கவரைக்கூட மறுபடி கவராகவோ குழாயாகவோ உருக்கி வார்ப்பதுதான் முதல் தேர்வு. உலைக்கு உரியது அதற்கும் அடுத்தது: பல முறை உருக்கிச் சக்தியிழந்த கவர், அச்சு மை நிறைந்தது, இரண்டு மூன்று வகை ஒன்றோடொன்று ஒட்டிப் பிரிக்க முடியாதது, மண் படிந்தது. இன்று பாறைக்குழிக்குப் போவது துல்லியமாக இந்த வகை.

கடைசியில் எரிப்பதுதானே, கார்பன் வானத்துக்குத்தானே போகிறது என்ற கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. ஆம், போகிறது. 100 கிலோ பாலி எத்திலீனிலுள்ள 86 கிலோ கார்பன் முந்நூறு கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு ஆகும். புதைத்த பிளாஸ்டிக் அவ்வளவு சீக்கிரம் காற்றில் கலக்காது என்பதும் உண்மை. ஆதாயம் வருவது, அது விலக்கிவைக்கும் நிலக்கரியால். சுரங்கத்தில் வெட்டாமல், கப்பலில் ஏற்றாமல், கல்கரி அடுப்பில் சுடாமல் மிச்சமாகும் நிலக்கரி; அதோடு ஹைட்ரஜன் செய்து தரும் வேலை. நிலக்கரியை விலக்காமல், கூடுதலாகப் பிளாஸ்டிக்கையும் எரித்தால் ஆதாயம் எதுவும் இல்லை. இந்தக் கணக்கை ஆலை வெளிப்படையாகக் காட்ட வேண்டும். ஜப்பான் சட்டம் ஊதுலைக்குப் போவதை மறுசுழற்சிக் கணக்கில் சேர்க்கிறது. அந்தப் பெயரை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. எடுத்துக்கொண்டால் கவரைக் குறைக்க வேண்டிய கம்பெனி, உலை இருக்கிறதே என்று இன்னும் ஒரு கவர் போடும்.

எந்த உலைக்கு?

அனுப்பர்பாளையம் பாத்திரப் பட்டறைகள் நெருப்பெரிச்சலுக்குப் பக்கம்தான். கோவை வார்ப்படப் பட்டறைகளும் அதிக தூரமில்லை. பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக அங்கெல்லாம் பிளாஸ்டிக்கைக் கொண்டுபோய்விடக் கூடாது. சிறு பட்டறைகளில் வாயுவைச் சுத்திகரிக்கும் ஏற்பாடு கிடையாது. கோவையில் கியூபோலா உலைகளின் இடத்தைப் பிடித்துவரும் இண்டக்‌ஷன் உலைகளும் இதற்கு ஏற்றவை அல்ல. அவை மின்சாரத்தால் உருக்குபவை, கார்பன் பீய்ச்சும் வேலையே அங்கு இல்லை. பழைய இரும்போடு பிளாஸ்டிக் ஒட்டிவந்தால் வருவது புகை மட்டும்.

பொருந்தக்கூடியது பெரிய ஊதுலை. கொங்கு நாட்டிலேயே அது இருக்கிறது. மேட்டூருக்கு அருகே பொட்டநேரியில் உள்ள ஜே.எஸ்.டபிள்யூ. சேலம் ஆலை, ஊதுலை வைத்துச் சிறப்பு எஃகு தயாரிக்கிறது. திருப்பூரிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். கவரை அப்படியே லாரியில் ஏற்றினால் லாரி நிறையக் காற்றுதான் போகும். அழுத்திப் பேல் கட்டியோ, துகளாக்கியோ அனுப்பினால்தான் வாடகை கட்டும். பஞ்சுப் பேலோடு பிறந்து வளர்ந்த ஊருக்குப் பேல் பிரஸ் புதிதல்ல.

இப்போதைக்குத் தமிழ்நாட்டில் உள்ளாட்சிகள் பிரித்த பிளாஸ்டிக்கை அனுப்புவது சிமென்ட் ஆலைகளுக்கு. சிமென்ட் சூளையில் பிளாஸ்டிக் எரிப்பதற்கு மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 2017-ல் வழிகாட்டி வெளியிட்டது. திருப்பூர்ச் சாயக்கழிவுச் சேறும் சிமென்ட் ஆலைகளுக்குப் போகிறது. தார்ச்சாலையில் பிளாஸ்டிக் கலக்கும் முறையை மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் உருவாக்கி 2018-ல் பத்மஸ்ரீ பெற்றார். இந்த வழிகள் நடக்கட்டும். ஆனால் சிமென்ட் சூளைக்கு வேண்டியது வெறும் சூடு. இரும்புலை சூட்டோடு கார்பனின் வேதிவேலையையும் பயன்படுத்திக்கொள்கிறது. ஒரே கவரிலிருந்து கூடுதல் வேலை வாங்கும் இடம் இரும்புலை என்பதால்தான் அதைத் தனியே எடுத்துப் பேசுகிறேன்.

ஐரோப்பாவின் கார்பன் எல்லை வரி 2023 அக்டோபரில் அறிக்கைக் கட்டத்தைத் தொடங்கி, 2026-ல் கட்டணக் கட்டத்துக்கு வந்திருக்கிறது. எஃகு அதன் பட்டியலில் உண்டு, ஆடைகள் இன்னும் இல்லை. எஃகு ஆலைக்குக் கார்பனைக் குறைக்கும் கட்டாயம், பனியன் கம்பெனிக்குக் கழிவுக்குக் கணக்குச் சொல்லும் கட்டாயம். இருவரும் ஒரே பையர் நாடுகளுக்கு முன்னால் நிற்கிறார்கள்.

2011-ல் செய்த ஊர்

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது தொழிலே முடிந்தது என்றார்கள். ஊர் அப்படி முடிந்துவிடவில்லை. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத முறையைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வழியாகக் கொண்டுவந்து, தண்ணீரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மீட்டு மறுபடி சாயத்துக்கே பயன்படுத்துகிறது. தனித்தனியாகச் செய்ய முடியாததைப் பட்டறைகள் பங்கு போட்டுச் சேர்ந்து செய்தன. உலகில் வேறெந்தச் சாயத்தொழில் மையமும் இந்த அளவில் செய்யாததை இந்த ஊர் செய்தது. ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊர் தன் திடக்கழிவுக்கு இன்னும் பாறைக்குழி தேடிக்கொண்டிருப்பதை அந்த வரலாற்றோடு வைத்துப் பார்க்க மனம் ஒப்பவில்லை. நீருக்குப் பொது நிலையம் அமைத்ததுபோல் பிளாஸ்டிக்குக்கும் பொதுப் பிரிப்பு நிலையம் வேண்டும். அதற்கான இடம், இதுவரை குப்பையைச் சுமந்த நெருப்பெரிச்சல் பக்கமாக இருக்கக் கூடாது. அங்கேதான் அமைப்பதானால் ஊர் மக்கள் சம்மதித்து, வேலைவாய்ப்பும் அவர்களுக்கே என்ற உறுதியோடுதான்.

பிரிப்பது அந்த நிலையத்துக்குப் போய்த் தொடங்கினால் காலம் கடந்துவிடும். பேக்கிங் செக்‌ஷனிலேயே தொடங்க வேண்டும். கவருக்கு ஒரு சாக்கு, கோனுக்கும் ஹேங்கருக்கும் ஒன்று, பிரிண்ட் பிசகிய பீஸுக்குத் தனியாக ஒன்று. டீக்கடைப் பொட்டலம் இவற்றில் எதிலும் விழக் கூடாது. சூப்பர்வைசர் ஒருவர் ஒரு வாரம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டால் பழகிவிடும். பேக்கிங் பெண்கள் ஒரு நாளில் எத்தனை சைஸ், எத்தனை கலர் பிரித்து அடுக்குகிறார்கள்! மூன்று சாக்கு அவர்களுக்குப் பெரிய காரியமில்லை.

2022-ல் திருத்திய பிளாஸ்டிக் கழிவு விதிகளின்படி உற்பத்தியாளரும் பிராண்ட் உரிமையாளரும் தாங்கள் சந்தைக்கு விட்ட பிளாஸ்டிக்குக்குப் பொறுப்பேற்க வேண்டும். உள்நாட்டுச் சந்தைக்கு ஜட்டி பனியன் விற்கும் பெரிய பிராண்டுகள் அந்தக் கணக்குக்குள் வருகிறார்கள். பிரிப்பவர்களின் கூலிக்கும் பேல் பிரஸ்ஸுக்கும் பணம் வர வேண்டிய வழி அது. மறுசுழற்சிக்கு ஆகாத பிளாஸ்டிக்குக்கு அந்த விதிகள் சாலை, சிமென்ட், மின்சாரம், எண்ணெய் ஆகிய வழிகளைப் பெயர் சொல்லிக் காட்டுகின்றன. எஃகு உலைக்கும் தெளிவான இடமும் கண்காணிப்பு முறையும் தர வேண்டியது மத்திய, மாநில மாசுக்கட்டுப்பாட்டு வாரியங்களின் பொறுப்பு.

இதற்குப் பெரிய திட்ட அறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஏற்றுமதியாளர் சங்கம், மாநகராட்சி, ஒரு எஃகு ஆலை, கோவையிலுள்ள ஒரு பொறியியல் கல்லூரி நான்கும் உட்கார்ந்தால் ஒரு சோதனை லாரியை அனுப்பிவிடலாம். லாரியோடு போகும் தாளில் நான்கு எண்கள் இருந்தால் போதும்: பேலின் எடை, ஈரம், சாம்பல், குளோரின். ஆலையிலிருந்து திரும்பி வரும் தாளில் இரண்டு: எவ்வளவு நிலக்கரி குறைந்தது, புகைபோக்கியில் என்ன வந்தது. அந்த ஆறு எண்களையும் நெருப்பெரிச்சலில் ஊர்க்கூட்டம் கூட்டி, தமிழில் அச்சடித்து, மக்கள் கையில் கொடுக்க வேண்டும்.